கச்சானுக்குக் கட்டிய படங்கு

கச்சான் காற்று என்றால் எனக்கு ஆகாது. இப்போதும் அவ்வளவாக ஆகாதுதான். ஆனால் முன்பு திட்டிய மாதிரி வாய் நிறையத் திட்ட முடிவதில்லை. பாதியில் சிரிப்பு வந்துவிடுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் பக்கம் படுவான்கரை, சூரியன் படுகிற கரை. கிழக்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது எழுவான்கரை. வைகாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து, கொஞ்சம் தெற்கையும் கூட்டிக்கொண்டு, கச்சான் வீசும். முதல் அடி எங்களுக்குத்தான். காட்டையும் காய்ந்த தரவைப் புல்வெளியையும் தடவிக்கொண்டு வருகிற காற்று முகத்தில் படும்போது அடுப்பு வாய்க்கு முன்னால் குனிந்த மாதிரி இருக்கும். கொடியில் போட்ட சேலை அப்பளமாகக் காயும். உதடு வெடிக்கும். சோற்றுப் பானையை மூட மறந்தால் அன்றைக்கு மண்ணும் சேர்த்துத்தான் சாப்பாடு. வைகாசியில் மேற்குப் பக்க யன்னலைச் சாத்தினேனென்றால் புரட்டாதியில்தான் திறப்பேன்.

என் வீட்டுக்காரர் வேளாண்மைக்காரர். அவருக்குக் கச்சான் மேல் தனிப் பாசம். "இது இல்லாட்டி நெல்லு எப்பிடிக் காயும்? பதர் எப்பிடிப் போகும்?" என்று எனக்கு வகுப்பு எடுப்பார். கச்சான் நன்றாக அடித்தால் மாரி மழையும் நன்றாகப் பெய்யும் என்பது எங்கள் வட்டைக்குள் வயல் செய்கிற எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. வாவியில் தோணி விடுகிறவர்களோ வெயில் ஏறுவதற்குள் வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்து கச்சானைச் சபிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதே காற்றில் கருவாட்டைப் பரப்பிவிட்டு நல்ல காற்று என்பார்கள். ஒரே காற்றுக்கு ஆளுக்கொரு வழக்கு. என்னுடையது வாய்க்குள் மண் விழுகிற வழக்கு.

பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காஸ் இல்லை. கரண்ட் வந்த நேரம் தெரியும், போகிற நேரம் தெரியாது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. வரிசையில் நிற்காமல் எங்களுக்குக் கிடைத்தது கச்சான் ஒன்றுதான். அந்த வருடம் ஆனி மாதத்தில்தான் என் தம்பிக்குக் கலியாணம் வைத்திருந்தோம்.

தம்பி கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவன். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். பேச்சு மிகக் குறைவு. அம்மா இளம் வயதிலேயே கண்ணை மூடிவிட்டதால் என் கைச் சோற்றில் வளர்ந்தவன், அதனால் அவன் பேசாததையும் நான்தான் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். எழுவான்கரையில் ஒரு தையல்காரப் பிள்ளையைப் பேசி முடித்திருந்தோம். அவளுக்குத் தகப்பன் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். முதலில் குறித்த நாள் கொரோனா ஊரடங்கில் போனது. இரண்டாவது தடவை எங்கள் பெரியப்பா இறந்து துடக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை நாள் குறிக்கப் போனபோது அந்தத் தாய்மாமன் வெற்றிலைத் தட்டைத் தொடாமலே சொன்னார்:

"மூண்டாம் தரமும் தள்ளிப்போனா இது நடக்கக் கூடாத காரியம் எண்டுதான் அர்த்தம். அதுக்குப் பிறகு ஆரும் எங்கட வாசலுக்கு வர வேணாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கொரோனாவையும் சாவையும் நாங்களா கூட்டிக்கொண்டு வந்தோம்? தம்பி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததால் வாயை மூடிக்கொண்டேன். வருகிற வழியில் அவன் ஒரே ஒரு வசனம்தான் சொன்னான்.

"அக்கா, இதுவும் இல்லை எண்டா எனக்கு இனிப் பார்க்க வேணாம்."

அவன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கலியாணத்தன்று காலையில் வெள்ளனவே நாங்கள் குளித்து உடுத்துத் தயாராக இருந்தோம். முகூர்த்தம் மத்தியானத்துக்குச் சற்று முன்பு. வான் வண்டி ஒன்று பேசியிருந்தோம். பாலத்தைச் சுற்றிப் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். வான் வரவில்லை. இரவு முழுக்கக் கரண்ட் இல்லாததால் எவருடைய போனிலும் உயிர் இல்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வான்காரர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

"ஆள் பெற்றோல் செட் வரிசையிலதான் இன்னும் நிக்கிறாராம். எண்ணெய் பவுசர் வரல்லயாம்."

இனி ஒரே வழி பாதைதான். எங்கள் ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற தட்டையான பெரிய இயந்திரப் படகு. மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றாக ஏறும். அந்த நாட்களில் டீசல் இல்லாமல் அதுவும் துறையில் கட்டித்தான் கிடந்தது. அவசரத்துக்கென்று பாதைக்காரர் ஒரு கானில் கொஞ்சம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். மாப்பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு, தாலியும் கூறைச்சேலையும் வைத்த தட்டை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊர்வலம் துறைக்கு நடந்தது. பாதையின் தளத்தில் மாட்டுச் சாணமும் எண்ணெய்க் கசிவும் இருக்கும், பட்டுச் சேலையோடு உட்கார முடியாது. அதனால் நெல் காயப்போடுகிற நீலப் படங்கை, அந்தப் பெரிய தார்ப்பாயை, என் வீட்டுக்காரரின் தோளில் ஏற்றியிருந்தேன்.

பாதைக்காரர் நரைத்த மனிதர். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வேப்ப மரத்தடியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக் கேசுக்கெண்டு வச்ச எண்ணெய் இது," என்றார்.

"இதுவும் அப்பிடித்தான் அண்ணன். இண்டைக்குப் போகாட்டி இவன்ட சீவியம் போச்சு," என்றேன்.

அவர் தம்பியின் தலைப்பாகையைப் பார்த்தார். பிறகு கானை எடுத்துக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போனார். கானைக் கவிழ்த்து ஊற்றியபோது முகத்தைச் சுளித்தார். "டீசல் இல்ல தங்கச்சி இது. டீசல் மணக்கிற தண்ணி."

அதற்குள் வெயில் ஏறிக் கச்சானும் எழும்பிவிட்டது. துறையில் நிற்கும்போதே என் கொண்டைப் பூவில் பாதி பறந்துபோனது. தம்பியின் தலைப்பாகை ஒரு பக்கமாகச் சரிந்தது. தட்டின் மேல் மூடிய பட்டுத் துணி பட்டம் மாதிரி எழும்பியது. அந்த இடத்தில் நின்று கொக்கட்டிச்சோலைச் சிவனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இந்தக் கச்சானை நாங்கள் கரை சேரும் வரைக்கும் அடக்கித் தா சாமி, உன் வாசலில் தேங்காய் உடைக்கிறேன். மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

சாமி உடனே கேட்கவில்லை. ஆகவே என் கையில் இருந்த வழியைப் பார்த்தேன். உட்கார விரிக்கக் கொண்டுவந்த படங்கை எடுத்து, பாதையின் மேற்குப் பக்கத்தில் இருந்த இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே தட்டி மாதிரி நிமிர்த்திக் கட்டச் சொன்னேன். கீழ்ப் பக்கத்தைக் கம்பித் தடுப்போடு சேர்த்து இறுக்கினோம். அதற்கு இந்தப் பக்கம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குந்தினால் காற்றே இல்லை. பெண்கள் எல்லாரும் என் மூளையை மெச்சினார்கள். நானும் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

பாதை புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் பாதைக்காரர் கத்தத் தொடங்கினார்.

"அந்தப் படங்கை அவிழுங்க! பாதை வடக்கால இழுக்குது. எனக்குத் திருப்ப ஏலாம இரிக்கு."

"அவிழ்த்தா மாப்பிள்ளையின்ட தலையில ஒண்டும் மிஞ்சாது அண்ணன்," என்றேன்.

"தலைப்பாகையா, துறையா? எது வேணும் ஒங்களுக்கு?"

"ரெண்டும் வேணும்."

என் வீட்டுக்காரர் வாவியைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். என்னோடு வழக்காடி வெல்ல முடியாது என்று தெரிந்த மனிதர். பாதைக்காரருக்கு அது தெரியாததால் நடுவாவி வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார்.

நடுவாவியில் இயந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பாதைக்காரர் கயிற்றைச் சுற்றி இழுத்தார், இழுத்தார், வியர்வை ஒழுகியது. அது அசையவில்லை. அவர் கத்துவதும் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. முன்னால் எழுவான்கரைத் தென்னைகள் தெரிந்தன, ஆனால் நடந்து போகிற இடத்திலா இருக்கின்றன? படங்கு பின்னால் படபடவென்று அடித்தது. அது பாதையைக் கவிழ்த்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"இஞ்ச பாருங்க, அந்தப் படங்கை அவிழுங்க!" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கையை வையாதீங்க!" பாதைக்காரர் பாய்ந்து வந்தார். "இனி அதுதான் எஞ்சின்."

பிறகுதான் தண்ணீரைக் கவனித்தேன். மிதந்து கிடந்த ஆற்றுவாழைப் பற்றைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பாதை நிற்கவில்லை. இயந்திரச் சத்தம் இல்லாமல், வீட்டுக்குள் வருகிற பூனை மாதிரி, கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. படங்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. பாதைக்காரர் பெரிய கம்பைத் தண்ணீருக்குள் விட்டு முன்பக்கத்தைத் திருப்பினார். ஆண்கள் இரண்டு பேர் படங்கின் மூலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் வேளாண்மைக்காரக் கையால் முடிச்சுகளை இன்னும் இறுக்கினார். எனக்கு அந்தப் படங்கைப் பார்க்க வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது.

சந்தோசம் கன நேரம் நிற்கவில்லை. திடீரென்று படங்கு தொங்கிப்போனது. வாவி எண்ணெய் தடவிய மாதிரி வழுவழுப்பாகியது. கச்சான் விழுந்துவிட்டது. ஆனி மாதத்தில் வெயில் ஏறிய பிறகு கச்சான் விழுந்ததை என் வயதில் நான் கண்டதில்லை. பாதை அப்படியே நின்றது.

எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேர்த்தி வச்சது நீதானே புள்ள?" என்றார் வீட்டுக்காரர்.

சிரிக்கிற நேரமா அது? வெயில் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் மேளகாரர் வந்திருப்பார்கள், ஐயர் வந்திருப்பார். அந்தத் தாய்மாமன் வாசலில் நின்று மேற்கே பார்த்துப் பல்லைக் கடிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனி போனால் ஆடி, ஆடியில் யாரும் கலியாணம் வைக்கமாட்டார்கள். ஆவணிக்கு அவர் எங்களை வாசலில் ஏற்றமாட்டார். தம்பியைப் பார்த்தேன். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டாரிலிருந்து வந்த நாள் தொடங்கி அவன் இப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தட்டைப் பக்கத்தில் இருந்த மச்சாளிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன். பிறந்ததிலிருந்து திட்டிய காற்றை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூப்பிட்டேன். சாமி, நான் சொன்னதை விட்டுவிடு. விசரில் கேட்டுவிட்டேன். அடக்கச் சொன்னதற்கு ஒரு தேங்காய் என்றால் அவிழ்த்துவிடுவதற்கு இரண்டு தேங்காய். மண் விழட்டும், உதடு வெடிக்கட்டும், யன்னலைக்கூடத் திறந்து வைக்கிறேன். இந்தத் தடவையும் மனதுக்குள்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பாதைக்காரர் கம்பைப் பிடித்தபடி "யன்னலும் வேணாம், காத்து மட்டும் வந்தாக் காணும்," என்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பிறகு மேற்கே தூரத்தில் வாவி கறுத்தது. தண்ணீர் சிலிர்த்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. முதலில் என் முகத்தில் சூடு பட்டது. படங்கு ஒரு தடவை உதறிவிட்டுப் பட்டென்று நிமிர்ந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். காற்றுக்குக் குரவை போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். நானும் போட்டேன். கண்ணால் தண்ணீர் வந்தது.

துறைக்கு நாங்கள் போகவில்லை. காற்று எங்களை வடக்கே தள்ளி, கண்ணா மரங்கள் அடர்ந்த ஒரு சேற்றுக் கரைக்குக் கொண்டுபோனது. கரைக்குச் சற்று இப்பாலே பாதை தரை தட்டி நின்றது. துறையில் காத்து நின்ற பெண் வீட்டார் கரை நெடுகிலும் எங்களோடு ஓடி வந்திருந்தார்கள். மேளகாரர் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான். எல்லாருக்கும் முன்னால் பட்டு வேட்டியோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து கயிற்றுக்குக் கை நீட்டியவர் அந்தத் தாய்மாமன்.

"எறியுங்க கயித்த! எறியுங்க!" என்று கத்தினார். கோபத்தில் கத்துகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

தம்பி சேற்றில் இறங்கி நடந்தான். தாலித் தட்டு கை மாறிக் கை மாறிக் கரைக்குப் போனது. பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவுவது எங்கள் வழக்கம். செம்புத் தண்ணீரில் பாதம் நனைந்தால் போதும், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. செம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றியும் ஒரு காலின் பெருவிரல்தான் வெளியே வந்தது. பெண்ணின் தம்பி திகைத்துப்போய் நிமிர்ந்து பார்த்தான். என் தம்பி சிரிக்கத் தொடங்கினான். அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தான். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்து ஊற்றினார்கள். அவன் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. குத்துவிளக்கு அணையாமல் நாலு பேர் கச்சானுக்கு முதுகு கொடுத்து நிற்க, தாலி கட்டி முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ஆகவே தம்பி அங்கே இருந்துவிட்டான். டீசல் இல்லாததால் நாங்களும் சில நாள் அங்கேதான் இருக்க வேண்டி வந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் தாய்மாமன் வாவிக் கரையில் தனியாக நின்றார். சேறு படிந்த எங்கள் படங்கைக் கழுவி வேலியில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு அவரே தொடங்கினார்.

"புள்ள, நேற்று நீங்க நடுவாவியில நிக்கக்குள்ள காத்து விழுந்துதெல்லா?"

"ஓம் மாமா."

"நீலப் படங்கு தொங்கினதக் கண்டதும் எனக்குக் கைகால் ஓடல்ல. இந்தத் துறையில நிண்டுதான் கொக்கட்டிச்சோலையானுக்கு நேர்ந்தன். கச்சானை விடு சாமி, நூறு தேங்காய் உடைக்கிறன் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. வேலியில் காய்கிற படங்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கு நான் கோபத்தில ஒரு சொல் சொல்லிப்போட்டன். மூண்டாம் தரம் எண்டு. அந்த நாள்ள இருந்து என்ட மருமகள் என்னோட ஒரு சொல் பறையல்ல. சோறு போடுவாள், தேத்தண்ணி வைப்பாள், பறையமாட்டாள். நேற்று மாப்பிள்ளைக்கு வாளியில தண்ணி ஊத்தக்குள்ளதான் 'மாமா, பார்த்து ஊத்துங்க, குளிரப்போகுது' எண்டாள்."

இவ்வளவு நாளும் என் தம்பிக்குத்தான் இந்தக் கலியாணம் வேண்டும், நாங்கள்தான் அவர்கள் வாசலில் கையேந்தி நிற்கிறோம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை அவனுக்காக வீட்டுக்குள் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். பேசாத என் தம்பிக்காகப் பேசாமல் இருந்தவள். இனி அவனுக்காக நான் பேச வேண்டியதில்லை. நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

எப்படியோ கொஞ்ச டீசல் கிடைத்து நாங்கள் திரும்பினோம். மேற்கே போகும்போது கச்சான் நேர் முகத்தில் அடித்தது. உதடு எரிந்தது, வாவித் தண்ணீர் கண்ணுக்குள் தெறித்தது.

"படங்கைக் கட்டட்டோ?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கட்டினா பாதை திரும்ப மாப்பிள்ளையிட்டத்தான் போகும்," என்றார் பாதைக்காரர்.

கழுவி மடித்திருந்த படங்கை மடியில் வைத்துக்கொண்டேன். கரையில் தம்பியும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். காற்றுக்கு அவள் சேலைத் தலைப்பு பறந்தது, தம்பி அதைப் பிடித்துக் கொடுத்தான். அவள் ஏதோ சொன்னாள். அவனும் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.